அறிவியலுக்கு மட்டும் தமிழ் ஆகாதோ?

வார இறுதித் தமிழ்ப்பள்ளிகளில் ஆத்திசூடி உண்டு, திருக்குறள் உண்டு, பொங்கல் விழா நாடகமும் உண்டு. அறிவியலைத்தான் காண்பது அரிது. நியூ செர்சி, விரிகுடாப் பகுதி, டெக்சாசு எங்கும் பெரும்பாலும் இதே நிலைதான். இத்தனைக்கும் பெற்றோருள் பலர் பொறியாளர்கள்! தமிழ்வழியில் இயற்பியல் பயின்றோரும் அவர்களுள் உளர். ஆயினும் பிள்ளை "குளிர்காலம் ஏன் வருகிறது?" என்று கேட்டால், கைக்கணினியில் ஓர் ஆங்கிலக் காணொளியைத் திறந்து கொடுத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கின்றனர்.

இதனால் பிள்ளை அறிவியலை இழப்பதில்லை. அதைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். ஆனால் தமிழ் சோற்றுக்கும் கோயிலுக்கும் உரிய மொழி, சிந்திப்பதற்கு ஆங்கிலமே என்னும் முடிவுக்குப் பத்து வயதிலேயே வந்துவிடுகிறது. பின்னர் மேடை போட்டுத் தமிழ்ப்பற்றை ஊட்டிப் பயனென்ன?

காணொளியைத் திறந்து கொடுப்பது கற்பித்தலும் ஆகாது. டெரெக் முல்லர் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் 2008-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வு இதையே காட்டியது. (பின்னாளில் வெரிட்டாசியம் அலைவரிசையால் புகழ்பெற்றவர் இவரே.) தெளிவாக விளக்கும் காணொளியைக் கண்ட மாணவர்கள் நன்கு புரிந்ததென்றனர்; தேர்விலோ பழைய பிழையே மீண்டது. பிழையான எண்ணத்தை முதலில் எடுத்துப் பேசிப் பின் மறுத்த காணொளியே பயன் தந்தது.

குளிர்காலத்தையே எடுத்துக்கொள்வோம். சூரியன் தொலைவில் இருப்பதால் குளிர்கிறது என்றே பிள்ளைகள் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் புவி சூரியனுக்கு மிக அருகில் வருவது சனவரித் தொடக்கத்தில். நியூ செர்சி குளிரில் நடுங்கும் அதே நாள்களில்! அருகில் இருக்கையில் ஏன் குளிர்கிறது என்று பிள்ளையை மடக்க வேண்டும். சற்றுத் திணறட்டும். பிறகு மதுரையிலுள்ள அப்பத்தாவைத் தொலைபேசியில் அழைத்து, நண்பகலில் ஓரடிக் குச்சியின் நிழலை அளந்து சொல்லுமாறு கேட்கட்டும். அங்கே முக்கால் அடிக்கும் குறைவாக இருக்கும் நிழல், எடிசன் நகர முற்றத்தில் ஏறத்தாழ இரண்டடி நீளும். கதிர் சாய்ந்து விழுவது அப்போது கண்ணுக்கே தெரியும். புவியின் 23.5 பாகைச் சாய்வை விளக்கும் காணொளிக்கு அதன் பின்னரே இடம். அப்பத்தாவிடம் இதை எந்த மொழியில் கேட்பது?

கான் அகாதெமியும் இப்படிப்பட்ட உரையாடலில் பிறந்ததே. சல்மான் கான் தொலைவிலிருந்த உறவுச் சிறுமிக்கு 2004-இல் பாடம் சொல்லத் தொடங்கினார். காணொளிகள் வந்தது 2006-இல்.

தமிழில் காணொளிகள் இல்லை என்பது வெறும் சாக்கு. தமிழக அரசு 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் இணையத்தில் உள்ளன. தேர்வை நோக்கிய சில அலுப்பூட்டும், உண்மைதான். குப்பையிலிருந்து பொம்மை செய்து அறிவியல் விளக்கும் அரவிந்த் குப்தாவின் குறும்படங்கள் தமிழிலும் உள்ளன. போதாதெனில் பொறியாளர்கள் தாமே எடுக்கலாமே! கைப்பேசியும் ஒரு குச்சியும் எவரிடம் இல்லை?

கலைச்சொல் இல்லை என்பது அடுத்த சாக்கு. மாசச்சூசெட்சின் ஊசுட்டர் நகர மருத்துவர் சாமுவேல் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் சென்று, தமிழ் கற்று, மானிப்பாயில் மருத்துவத்தையே தமிழில் பயிற்றினார். அந்த அமெரிக்கர் இச்சாக்கைச் சொல்லவில்லை.

இன்று சொற்களுக்குப் பஞ்சமில்லை, சண்டைதான் மிகுதி. தமிழ்நாட்டுப் பாடநூலில் ஒளிச்சேர்க்கை, ஈழத்துப் பாடநூலில் ஒளித்தொகுப்பு. எது சரியென்று குழு அமைத்து முடிவெடுப்பதற்குள் பிள்ளை கல்லூரிக்கே போய்விடும். இரண்டையும் சொல்லிக்கொடுத்து, வரும் சனிக்கிழமை வகுப்பில் ஓர் அவரை விதையை நடச் சொல்லலாம்.