பாராட்டுக் கடிதம் வயிற்றை நிரப்பாது

சார்லஸ் ஈதன் போர்ட்டர் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டைச் சேர்ந்த கறுப்பின ஓவியர். ஆப்பிள், பூச்சாடி என்று மேசைமேல் இருப்பதை வரையும் ஸ்டில் லைஃப் ஓவியத்தில் தேர்ந்தவர். அவர் வண்ணம் தீட்டும் திறனை அன்றைய புகழ்பெற்ற ஓவியர் ஃபிரெடரிக் சர்ச் மெச்சினார்.

மெச்சியவர்கள் பலர். பணம் கொடுத்தவர்கள்?

1881-இல் போர்ட்டர் பாரிசுக்குப் படிக்கப் போனார். அந்தச் செலவுக்காகத் தன் ஓவியங்களையே விற்றார். எழுத்தாளர் மார்க் ட்வைன் அவருக்கு அறிமுகக் கடிதம் தந்தார். அதே ஆண்டு கார்ல் கெர்ஹார்ட் என்ற வெள்ளையின இளைஞர் பாரிசில் சிற்பம் படிக்க ட்வைனே செலவை ஏற்றார். வெள்ளையருக்குப் பணம், கறுப்பருக்குக் கடிதம்!

திறமை இருந்தால் தானாக மேலே வந்துவிடலாம் என்கிறவர்கள் போர்ட்டரின் முடிவைப் பார்க்கட்டும். கறுப்பரிடம் ஓவியம் வாங்க ஆளில்லை. வெள்ளையின நண்பர் ஒருவர் அவற்றை வீடுவீடாகக் கொண்டுபோய் விற்றுக்கொடுத்தார். 1923-இல் வறுமையில் இறந்தார். எண்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து நியூ பிரிட்டன் அருங்காட்சியகம் அவரை மேதை என்று கொண்டாடிக் கண்காட்சி வைத்தது.

பணம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ட்வைனே சாட்சி. யேல் சட்டக் கல்லூரியில் படித்த கறுப்பின மாணவர் வார்னர் மெக்கின் தங்கிப் படிக்க 1885 முதல் அவர் செலவு செய்தார். கறுப்பருக்கு வெள்ளையர் செய்த கொடுமைக்கான கடன் இது என்றே எழுதினார். வழக்கறிஞரான மெக்கின், இளம் தர்குட் மார்ஷலுக்கு வழிகாட்டினார். அந்த மார்ஷல்தான் 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி.

இது நமக்குப் புதிதல்ல. பரோடா மன்னரின் உதவித்தொகை இல்லாமல் 1913-இல் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா போயிருக்க முடியுமா?

எனவே போர்ட்டரைப் போற்ற விரும்பும் அருங்காட்சியகங்களே, அவர் ஓவியங்களைச் சேகரிக்கும் செல்வந்தர்களே! சட்டம் போட்டு மாட்டியது போதும். இன்று ஓவியம் படிக்கும் கறுப்பின மாணவர்களின் கட்டணத்தை, அறை வாடகையை, வண்ணங்களின் விலையைக் கொடுங்கள். ஒரு முறை பரிசாக அல்ல, படிப்பு முடியும்வரை மாதாமாதம் கொடுங்கள். நன்றியை எதிர்பார்க்காதீர்கள். கடனைத் திருப்பித் தருபவருக்கு யாரும் நன்றி சொல்ல வேண்டியதில்லை.