பற்றரியைக் குற்றவாளியாக்காதீர்

பதுளை, பசறைத் தோட்டப் பாதைகளில் ஓடும் வாகனத்தில் மின்னேற்றம் குறைந்ததாக எச்சரிக்கை தோன்றியதும், "பற்றரியை மாற்றுங்கள்" என்பதே பல கராஜ்களின் முதல் தீர்ப்பு. விசாரணையற்ற தீர்ப்பு இது!

எதிர்முனையில் அமர்ந்துள்ள உணரி, தன் வழியே செல்லும் மின்னோட்டத்தைக் கூட்டிக் கழித்தே இருப்பைக் கணிக்கிறது. முனையில் பூஞ்சணம் பூத்தாலோ, வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றுவோர் எதிர்க்கம்பியை வண்டியின் உடற்பகுதியில் மாட்டாமல் முனையிலேயே மாட்டினாலோ அக்கணக்குப் பிழைக்கும். சில மணி நேரம் ஓய்ந்த பற்றரியில் வோல்ற்றுமானி 12.6 காட்டினால் மின்னேற்றம் நிறைவு, ஐயம் உணரியின்மீதே. 12.2 எனில் பாதி; இயந்திரம் ஓடுகையில் 14 அளவு வருகிறதா என அடுத்துப் பார்க்கவேண்டும்.

2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டது. பழைய வண்டியை நம்பிக் கடனில் பிழைப்பவரிடம், ஐந்து நிமிடச் சோதனையை மறுத்து ஆயிரங்களைக் கேட்பது தொழிலன்று, அநீதி.