இருக்கும் கிளையை வெட்டுவோர்

மன்றமே வேண்டா என்பர். ஆனால், அம்மன்றத்தில் இருக்கை மட்டும் வேண்டும் என்பர். இப்படியும் ஒரு கட்சி உண்டோ என வியப்பவர், வேல்சு நாட்டின் அண்மை வரலாற்றைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

பிரித்தானிய ஒன்றிய அரசில் அடங்கிய இசுக்காட்லாந்தும் வேல்சும் 1997ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்பின் வழித் தமக்கெனத் தனி மன்றங்களைப் பெற்றன. இசுக்காட்லாந்தில் நூற்றுக்கு எழுபத்து நால்வர் இசைந்தனர். வேல்சிலோ 6,721 வாக்குகளே மிகுதி. நூலிழையில் வந்த உரிமை அது! கல்வியும் மருத்துவமும் அம்மன்றங்களின் பொறுப்பில் உள்ளன. வேல்சு மொழியின் வளர்ச்சியும் கார்டிப் மன்றின் கையில் உள்ளது. படையும் வெளியுறவும் குடியேற்றமும் இலண்டன் தன் பிடியிலேயே வைத்துக்கொண்டது.

2016ஆம் ஆண்டுத் தேர்தலில், 'யூகிப்' எனச் சுருக்கி அழைக்கப்படும் கட்சி, வேல்சு மன்றின் 60 இருக்கைகளில் 7-ஐக் கைப்பற்றியது. ஏழும் வட்டாரப் பட்டியல் வழியாக வந்தவை. நேரடித் தொகுதி ஒன்றிலும் அஃது வெல்லவில்லை. இசுக்காட்லாந்தில் ஓர் இருக்கையும் கிட்டவில்லை. வேல்சில் அக்குழுவுக்குத் தலைவராக வந்த நீல் ஆமில்டன் குடியிருந்ததோ இங்கிலாந்தில்! சில திங்களுக்குள் ஒருவர் குழுவை விட்டு விலகினார். பின்னர் வேறொருவர் பழமைக் கட்சிக் குழுவிற் சேர்ந்தார். 2019இல் நால்வர் புதுக்கட்சிக்குத் தாவினர். 2018இல் தலைமையேற்ற காரெத் பென்னட்டு, மன்றையே ஒழிக்க வேண்டும் என்றார். அமர்ந்திருக்கும் கிளையை வெட்டும் அறிவை என்னென்பது! 2021இல் மக்கள் தீர்ப்பளித்தனர். யூகிப்பும் வெல்லவில்லை, மன்றொழிப்பையே பெயராகக் கொண்ட மற்றொரு கட்சியும் வெல்லவில்லை.

அத்துடன் தொல்லை ஒழிந்தது என எண்ணியிருந்தோர் ஏமாந்தனர். யூகிப்பை முன்னர் நடத்திய நைசல் பராசு, பின்னர் 'இரிபார்ம்' எனப்படும் சீர்திருத்தக் கட்சியின் தலைவராய் வந்தார். 2025 சூன் 5 அன்று இசுக்காட்லாந்தில் நடந்த இடைத்தேர்தலில் அக்கட்சி 26 விழுக்காடு பெற்று மூன்றாவதாக நின்றது. அதே ஆண்டு அக்தோபர் 23 அன்று வேல்சின் கெர்பில்லியில் 36 விழுக்காடு பெற்று இரண்டாவதாக நின்றது.

இதற்குக் கரணியம் என்ன? மக்களை இகழ்வதாற் பயனில்லை. போர்ட்டு தால்பட்டு எஃகாலையின் கடைசி ஊதுலை 2024 செப்டம்பர் 30 அன்று அணைந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் தம் வாழ்வு சிதையக் கண்டனர். 1999 முதற் கால் நூற்றாண்டுக் காலம் கார்டிப்பில் ஆட்சித் தலைமை தொழிலாளர் கட்சியிடமே இருந்தது. அம்மக்களின் சினம் நயன்மையானது. ஆனால், அச்சினத்திற்குப் பராசு காட்டிய மருந்து எத்தகையது? ஊதுலைகளை மீண்டும் மூட்டுவோம், நிலக்கரி தோண்டுவோம் என்றார். அணைந்து இறுகிய உலையை அடுப்பெனக் கருதி ஊதிவிடலாமோ? குடியேறிகளால் வந்த கேடு என்று மேடைதோறும் முழங்குகின்றனர். குடியேற்றத்தைத் தடுக்கவோ விடுக்கவோ கார்டிப் மன்றிற்கு உரிமையே இல்லை என்பதை மட்டும் சொல்லார். இவர்களின் நாட்டுப்பற்றுக்கும் ஒரு சான்று உண்டு. 2021இல் வேல்சில் அக்கட்சிக்குத் தலைமை தாங்கிய நாதன் கில், ஐரோப்பிய மன்றில் உருசியச் சார்பாகப் பேசக் கையூட்டுப் பெற்றதை ஒப்புக்கொண்டு, 2025 நவம்பரில் பத்தரை ஆண்டுச் சிறைத்தண்டம் பெற்றார்!

கெர்பில்லியில் இவர்களை வென்றது எது? வேல்சு நாட்டினக் கட்சியாகிய பிளைடு கம்ரி 47 விழுக்காடு பெற்றது. தொழிலாளர் கட்சி 11 விழுக்காட்டில் வீழ்ந்தது. வென்ற இலிண்சே விட்டில், பலமுறை தோற்றும் அம்மண்ணை விட்டகலாது உள்ளூர் மன்றப் பணியில் ஊறியவர். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வேல்சு மொழி பேசுவோர் 17.8 விழுக்காட்டினரே. தம் தாயரின் மொழியை இழந்துவிட்ட மக்களும் தம் நாட்டை இழக்க உளங்கொள்ளவில்லை என்பதே இதன் பொருள்.

ஆயினும் ஒன்று கூறுவோம். அவ்வெற்றியில் அன்பினால் வந்த வாக்கும் உண்டு. இரிபார்மைத் தடுக்கும் அச்சத்தால் வந்த வாக்கும் உண்டு. அச்சத்தால் வந்தது அச்சம் நீங்கின் அகன்று போகும். வேலையும் மருத்துவமும் பள்ளியும் செம்மையாகக் கிடைத்தாலன்றி அதனை நிலைநிறுத்த இயலாது.

2026 தேர்தலுக்கென வேல்சு மன்றின் இருக்கைகள் 96 ஆக்கப்பட்டன. தொகுதிக்கு அறுவராகக் கட்சிப் பட்டியல் வழித் தேர்ந்தெடுக்கும் முறையும், வேல்சில் வாழ்வோரே வேட்பாளராகலாம் என்னும் விதியும் வகுக்கப்பட்டன. பின்னது நல்விதி. முன்னதோ மன்றொழிப்பார்க்கும் வாயில் திறக்குமே எனச் சிலர் அஞ்சுவர். அவ்வாயிலை அடைக்கச் சொல்லோம். வாக்கின் அளவுக்கு இருக்கை என்பது அறம். சிறு கட்சிகளை வாழ வைப்பதும் அதுவே. திருடனுக்கு அஞ்சி வாயிலைச் சுவராக்குவார் உண்டோ? வீட்டில் உள்ளோர் விழித்திருத்தலே காவல்.

தன்னாட்சி கேட்கும் தமிழராகிய நாமும் இதனை நெஞ்சிற் கொள்வோமாக. மன்றம் பெறுவதோடு பணி முடிவதில்லை. அம்மன்றால் தம் வீட்டில் அடுப்பெரிகிறது என்று ஏழை உணரும் நாளில்தான், அதை ஒழிப்போம் என்பவனுக்குக் கேட்க ஆளின்றிப் போகும்.