அனல் ஏறுவது கள்ளம் அல்ல

நாற்பத்தைந்து வயது தாண்டிய பெண் கொழுந்து மலையில் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினால் "வேலைக்குக் கள்ளம்" என்கிறார்கள். கங்காணி சொல்கிறார், கணக்கப்பிள்ளை சொல்கிறார், சில வீடுகளில் புருஷன்மாரும் சொல்கிறார்கள். அது பொய் என்று நாங்கள் சொல்கிறோம்.

மாதவிடாய் நிற்கும் காலம் பெரும்பாலும் 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் வருகிறது. அப்போது உடம்பில் ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் குறைகிறது. உடம்புச் சூட்டைச் சரிசெய்யும் மூளைப் பகுதி அதனால் தடுமாறி, சிறு சூட்டையும் பெரிய சூடாக எடுத்துக்கொள்கிறது. நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் அனல் ஏறும், வியர்த்துக் கொட்டும், படபடக்கும். சில நிமிடங்களில் அடங்கிக் குளிரெடுக்கும். இரவிலும் வரும். பலருக்குச் சில வருடங்கள் நீடிக்கும். பனடோல் போட்டு இது நிற்காது. மந்திரித்தும் நிற்காது.

இந்த உடம்போடுதான் எங்கள் பெண்கள் இடுப்பில் படங்கு கட்டி வெயிலில் மலையேறுகிறார்கள். குடிதண்ணீர் கீழே, கழிப்பறை லயத்தில். தகரக் கூரைக்கடியில் வியர்த்து நனைந்து இரவெல்லாம் விழித்திருந்தவர்கள், விடியுமுன் எழும்பிச் சமைத்துவிட்டுப் பெரட்டுக்கு வருகிறார்கள். கிலோ குறைந்தால் அரைப் பேர்!

பிள்ளை பெறும் உடம்புக்கு 1939ஆம் ஆண்டிலேயே மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்தது. பிள்ளை பெற்று முடித்த உடம்பை யார் கணக்கில் எடுப்பது?

ஆளுக்கொரு சலுகை கொடுத்தால் தோட்டம் எப்படி ஓடும் என்று நிர்வாகம் கேட்கும். பத்து நிமிடம் நிழலில் நின்று தண்ணீர் குடித்த பெண் மறுபடி நிரைக்கு வருவாள். மயங்கி விழுந்தவள் வரமாட்டாள். தோட்டம் ஓடுவதற்கும் சேர்த்துத்தான் கேட்கிறோம்:

1. ஒவ்வொரு கொழுந்து மலையிலும் குடிதண்ணீர், நிழல், கழிப்பறை வேண்டும்.
2. அனல் ஏறும்போது எடுக்கும் ஓய்வுக்குப் பேர் வெட்டக்கூடாது.
3. கிளினிக் போகும் நாளுக்குச் சம்பளம் வேண்டும்.

சகோதரிகளே, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக் 35 வயது தாண்டிய பெண்களுக்கானது, இலவசமானது. பிரஷரும் சீனியும் பார்ப்பார்கள், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனையும் செய்வார்கள். திகதியைக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். மெல்லிய பருத்தி உடுப்பு நல்லது. கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணியும் கடும் உறைப்பும் சிலருக்கு அனலைக் கிளப்பும். பொறுக்க முடியாவிட்டால் மருந்து உண்டு, டொக்டர் பார்த்துத்தான் தர வேண்டும். மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு இரத்தம் பட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தோட்டத் தலைவர்மாரே, "பொம்பளைங்க சமாச்சாரம்" என்று இதை ஒதுக்காதீர்கள். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். சந்தாவும் அவர்கள் சம்பளத்தில்தான் வெட்டப்படுகிறது. அடுத்த மாதக் கூட்டத்தில் இந்த மூன்று கோரிக்கைகளும் முதலில் எடுக்கப்பட வேண்டும். அவற்றை ஒரு பெண்ணே எழுந்து வாசிக்கட்டும்.