பேஸ்மென்டில் தொங்கும் பெட்டியை நிறுத்தாதீர்கள்

ஜனவரி பிறந்துவிட்டால் ரொறன்ரோவைச் சுற்றியுள்ள எங்கள் ஆட்களின் வீடுகளில் ஒரே முறைப்பாடுதான். யன்னல் கண்ணாடியின் கீழ்விளிம்பில் தண்ணீர் வடிகிறது, விடிய எழும்பினால் தலை பாரமாக இருக்கிறது, முதல்நாள் பொரித்த மீனின் மணம் படுக்கையறை வரை நிற்கிறது. பேஸ்மென்டில் ஃபர்னஸுக்குப் பக்கத்தில் தொங்கும் பெட்டி ஓடுகிறதா என்று கேட்டால், அப்படியொன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மார்க்கம் நகரில் ஓர் அக்கா காரணமும் சொன்னார்: "அது வெளிக்குளிரை எல்லோ உள்ளுக்கு இழுக்குது தம்பி. அதான் நிப்பாட்டி விட்டனான்."

இழுப்பது உண்மைதான், ஆனால் வெறுங்குளிராக இழுப்பதில்லை. இ.ஆர்.வி. என்ற அந்தப் பெட்டிக்குள் ஒரு பக்கம் வீட்டின் பழைய காற்று வெளியே போகிறது, மறுபக்கம் புதுக்காற்று உள்ளே வருகிறது. நடுவிலுள்ள 'கோர்' என்ற கட்டியின் மெல்லிய இடுக்குகளுக்குள் இரண்டும் கலக்காமல் ஒன்றையொன்று கடக்கின்றன. போகிற காற்று தன் சூட்டின் பெரும்பங்கை வருகிற காற்றிடம் கொடுத்துவிட்டே போகிறது. இதன் அண்ணன் எச்.ஆர்.வி. சூட்டை மட்டும் கைமாற்றும். இ.ஆர்.வி. ஈரத்திலும் ஒரு பங்கை மாற்றும். அதனால் குளிர்காலத்தில் வீடு ஒரேயடியாகக் காய்ந்துபோகாது.

இந்த நாட்டில் இது நேற்று வந்த ஆடம்பரமல்ல. 1977இல் சஸ்கச்சுவான் மாகாணத்தின் ரெஜைனா நகரில், ஹரோல்ட் ஓர் என்ற பொறியியலாளரும் கூட்டாளிகளும் காற்று ஒழுகாதபடி இறுக்கி ஒரு வீடு கட்டினார்கள். ஃபர்னஸ் தேவைப்படாத அந்த வீடு மூச்சுவிட, இத்தகைய வெப்பமாற்றி ஒன்றையும் பொருத்தினார்கள். அந்தப் பாடம்தான் பிறகு கட்டடச் சட்டங்களுக்குள் வந்தது. 2017 முதல் ஒன்ராறியோவில் கட்டப்படும் புதுவீடுகளுக்கு எச்.ஆர்.வி. அல்லது இ.ஆர்.வி. கட்டாயம். பழைய வீட்டில் யன்னல் இடுக்கும் கதவிடுக்கும் செய்த வேலையைப் புதுவீட்டில் செய்வது இந்தப் பெட்டி ஒன்றுதான். அதை நிறுத்தினால் புட்டு அவித்த ஆவியும், குளித்த ஆவியும், ஆறேழு பேரின் மூச்சும் சுவருக்குள்ளும் யன்னல் சட்டத்திலும் போய்த் தங்கும். பூஞ்சணம் பிடிப்பது அப்படித்தான்.

சரி, ஓடுகிற பெட்டியை எப்படிப் பார்ப்பது? முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். முன்கதவின் கொளுக்கிகளை விடுவித்தால் கோர் தெரியும், அதன் முகத்தோடு ஒட்டினாற்போல் இரண்டு ஃபில்ட்டர்கள் இருக்கும். வெளிக்காற்றுப் பக்கத்து ஃபில்ட்டர் பெரும்பாலும் கறுத்திருக்கும், சின்னப் பூச்சிகளும் ஒட்டியிருக்கும். வீட்டுக்காற்றுப் பக்கத்தில் கம்பளத்து நூலும் தலைமயிரும் சாம்பல் படையாகப் படிந்திருக்கும். கழுவக்கூடிய வகையென்றால் இளஞ்சூட்டு நீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தாலே பாதிப் பிரச்சினை வராது.

கோரில்தான் கவனம் வேண்டும். எச்.ஆர்.வி.யின் பிளாஸ்டிக் அல்லது அலுமினியக் கோரைப் பெரும்பாலும் தண்ணீரில் கழுவலாம். இ.ஆர்.வி.யின் கோர் ஈரத்தைக் கடத்தும் தாளாலோ சவ்வாலோ ஆனது. பல மொடல்களில் அதில் தண்ணீர் படவே கூடாது, தூரிகை மாட்டிய வாக்குவம் கிளீனரால் மெல்லத் தூசி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். சில புது மொடல்களைக் கழுவ விடுவார்கள். உங்களுடையது எந்த வகை என்பதைக் கையேட்டில் பார்த்த பிறகே கோரைத் தொடுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குள் எந்தக் கோரையும் வைக்காதீர்கள்.

அடுத்ததாக வெளிச்சுவர். நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான், ஏனென்றால் பெட்டி நன்றாக இருக்க வெளிவாய் அடைபட்டுக் கிடப்பதுதான் அடிக்கடி நடக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சேர்விஸுக்கு வந்தவர் பெட்டியையே மாற்ற வேண்டுமென்று விலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பின்வளவுப் பக்கம் போய்ப் பார்த்தால், உள்ளிழுக்கும் வாயின் கம்பிவலை முழுக்க ஜூன் மாதத்தில் பறக்கும் கொட்டன்வூட் மரத்துப் பஞ்சு, அதன்மேல் டிரையர் துணித்தூசு. கையால் உரித்தெடுக்கக் கம்பளித்துண்டு மாதிரி ஒரே படையாக வந்தது. பெட்டி மறுபடி ஒழுங்காகக் காற்று இழுத்தது. பழுது என்று சொன்னவர் வெளியே எட்டிப் பார்க்கவில்லை. வேலை தெரிந்த ஒருவர் அப்படிச் செய்தது எனக்கு இன்றும் கோபம்தான்.

உள்ளிழுக்கும் வாய் அடைபடுவதில் ஆபத்தும் உண்டு. காற்று வெளியே மட்டும் போய் உள்ளே வராவிட்டால் வீடு வேறு வழியில் காற்றை இழுக்கும். பழைய வகைச் சுடுநீர்த் தொட்டியின் புகைபோக்கியால் நச்சுப்புகை திரும்பி வரவும் கூடும். கார்பன் மொனொக்சைட் அலாரம் வேலைசெய்கிறதா என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

பெட்டி ஓடவே இல்லையா? பிளக்கையும் பிரேக்கரையும் பார்த்துவிட்டு, முன்கதவு முழுதாகப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கதவு சற்றே திறந்திருந்தாலும் உள்ளேயுள்ள சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். கடுங்குளிர் நாளில் திடீரென்று சத்தம் கூடி, வெளிக்காற்று வராமல் நின்றால் பயப்படத் தேவையில்லை. கோரில் உறைபனி கட்டாதிருக்கப் பல மொடல்கள் வெளிவாயை மூடி, வீட்டுக்காற்றையே சிறிதுநேரம் சுற்றவிடும். யன்னலில் தண்ணீர் வடிந்தால் மணிக்கு இருபது நிமிடம் என்றிருப்பதைத் தொடர் ஓட்டத்துக்கு மாற்றிப் பாருங்கள், குளிர்காலத்து வெளிக்காற்று வறண்டது. கோடைப் புழுக்கத்தில் மாறாகக் குறைத்து ஓட்டுங்கள், இ.ஆர்.வி. ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் அல்ல. 2023 ஜூனில் கியூபெக் காட்டுத்தீயின் புகை ரொறன்ரோவை மூடியதே, அப்படியான நாளில் மட்டும் நிறுத்தி வையுங்கள், புகை விலகியதும் போட மறக்காதீர்கள்.

எங்கள் சமையலுக்கென்று ஒரு சொல். தாளிக்கும்போதும் பொரிக்கும்போதும் அடுப்புக்கு மேலுள்ள விசிறியைத்தான் போட வேண்டும். எண்ணெய்ப் புகை இ.ஆர்.வி.க்குள் போனால் கோர் பிசுபிசுத்து அடைபடும். டிரையர் குழாயை ஒருபோதும் இதனோடு இணைக்க விடாதீர்கள்.

பேஸ்மென்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெட்டி குடியிருப்பவர்கள் பக்கத்தில் தொங்குகிறது, அதன் காற்று இரண்டு குடும்பத்துக்கும் போகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளே வந்து ஃபில்ட்டர் பார்ப்போம் என்பதை வாடகைப் பேச்சின்போதே சொல்லி ஒப்புக்கொள்ளுங்கள். மின்கட்டணத்துக்குப் பயந்து அவர்கள் அதை நிறுத்தாமலிருக்க, அந்தச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.