பொருள் 850, டெலிவரி 650: இது யாருடைய கணக்கு?

கொஞ்ச நாளைக்கு முதல் பேஸ்புக்கில் ஒரு மேசை விளக்கு பார்த்தேன். மடிக்கலாம், சார்ஜ் பண்ணிப் பாவிக்கலாம். "850 ரூபா மட்டும். ஐலண்ட்வைட் டெலிவரி" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். கரண்ட் போகிற நேரத்துக்கு உதவும்தானே என்று இன்பொக்ஸில் கேட்டேன்.

"எந்த இடம்?"

"திருகோணமலை."

"அவுட்ஸ்டேஷன் எண்டா டெலிவரி 650 வரும் சிஸ்டர்."

1,500 ரூபா. யோசித்து யோசித்துக் கடைசியில் ஓடர் பண்ணிவிட்டேன். மூன்றாம் நாள் பார்சல் வந்தது. பெட்டிகூட இல்லை, ஒரு பொலித்தீன் பைக்குள் விளக்கு. வீட்டிலிருந்த சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன். 320 கிராம்.

கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தை முழுசாகக் கோபிக்க எனக்கு உரிமை இல்லை. ஏனென்றால் ஒரு வருசத்துக்கு முதல் நானும் இதே வேலையைத்தான் செய்தேன். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத ஏலாது.

மூதூரில் எனக்கு ஒரு அக்கா இருக்கிறா, பெரியம்மாவின் மகள். பனையோலையில் கூடை, பெட்டி, பென்சில் போடுகிற குடுவை எல்லாம் வடிவாகப் பின்னுவா. அவவுக்கு ஒரு பேஜ் திறந்து, போட்டோ எடுத்து, விலை போட்டுக் கொடுத்தது நான். அப்போது நான் சொன்ன புத்தி இதுதான்: "அக்கா, கூடையின்ர விலையைக் கூட்டாதேங்கோ, ஆக்கள் பார்த்திட்டு ஓடிருவினம். டெலிவரில 150 ரூபா சேர்த்து எடுங்கோ. அதை ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

ஒருத்தி கேட்டாள். மட்டக்களப்பில் படிக்கிற பிள்ளை. பார்சல் தபாலில் போனது, கட்டணம் பொதியின் மேலேயே ஒட்டியிருந்தது. "அக்கா, இதில உள்ள காசுக்கும் நான் டெலிவரிக்குத் தந்த காசுக்கும் 150 ரூபா வித்தியாசம் இருக்கு, ஏன்?" என்று ஒரு மெசேஜ். சண்டையில்லை, சும்மா கேள்வி. அக்காவுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அன்றைக்கே அந்தப் பிள்ளையின் கணக்குக்கு 150 ரூபாவைத் திருப்பிப் போட்டுவிட்டு எனக்குப் போன் எடுத்தா. "உன்ர புத்தியால நான் கள்ளியாப் போனன்" என்றா.

அதற்குப் பிறகுதான் இந்தக் கணக்கைச் சரியாக இருந்து யோசித்தேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அக்காவுக்கு அந்த 150 ரூபாவுக்குள் உண்மையான செலவும் இருந்தது. பெட்டி வாங்க வேண்டும். டேப், குமிழி பொலித்தீன், விலாசம் எழுதின தாள். தபால் கந்தோருக்கு ஓட்டோ. வரிசையில் நிற்கிற நேரம். 'ஹேண்ட்லிங்' என்பது பொய்யில்லை, அது வேலை. வீட்டிலிருந்து விற்கிற பெண்கள் இந்த வேலையைக் கணக்கில் எடுக்காமலே விட்டுவிட்டு, மாதக் கடைசியில் "எங்க போச்சு லாபம்?" என்று தேடுவதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். ஆகவே தபால் கட்டணத்துக்கு மேல் ஒரு சதமும் எடுக்கக் கூடாது என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இன்னொன்று, பருமன். கூரியர் கொம்பனிகள் பலதும் நிறையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி, 5,000ஆல் வகுத்து வருவதையும் கிலோவாக எடுப்பார்கள். எது கூடவோ அதற்குத்தான் காசு. அக்காவின் பெரிய கூடை 700 கிராம்தான். ஆனால் அது நசியாமல் போக 40க்கு 30க்கு 25 பெட்டி வேண்டும். பெருக்கினால் 30,000. வகுத்தால் 6 கிலோ. ஒரு கிலோவுக்கும் குறைந்த கூடைக்கு ஆறு கிலோவின் காசு! இது தெரியாத வாடிக்கையாளர் "கொள்ளையடிக்கிறீங்க" என்று எழுதுவார். அவரிலும் பிழையில்லை, ஒருவரும் அவருக்கு விளக்கவில்லை.

ஆக, சிக்கல் காசு எடுப்பதில் இல்லை. ஒளித்து எடுப்பதில் இருக்கிறது. என் விளக்குக்கு வருவோம். அதற்குப் பெட்டியில்லை, பருமனில்லை, நிறையில்லை. பிறகு எதற்கு 650? விற்றவரின் பதில் ஒரே சொல்: அவுட்ஸ்டேஷன்.

இந்தச் சொல்லைத்தான் எனக்குச் சகிக்க ஏலாமல் இருக்கிறது. அக்காவுக்காக ஒரு கூரியரில் கணக்குத் திறந்தபோது அவர்களின் கட்டணத் தாளைப் பார்த்தேன். முதல் கிலோவுக்கு ஒரு விலை, மேலதிகமான ஒவ்வொரு கிலோவுக்கும் இன்னொரு விலை. கொழும்பு, கண்டி, திருகோணமலை என்று பிரிவே இல்லை. எல்லாக் கொம்பனியும் அப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் கொம்பனி கேட்காத தூரக் காசை விற்பனையாளர் எங்களிடம் கேட்கிற இடங்கள் இருக்கின்றன.

தூரம் உண்மையில் எவ்வளவு செலவு? இந்தக் கேள்வியை 1837இலேயே இங்கிலாந்தில் ரோலண்ட் ஹில் என்பவர் கேட்டார். அந்தக் காலத்தில் கடிதத்துக்குத் தூரத்தைப் பார்த்துக் காசு. லண்டனில் இருந்து எடின்பரோவுக்கு, கிட்டத்தட்ட 640 கிலோமீற்றர், ஒரு கடிதத்தைக் கொண்டுபோக உண்மையில் ஆகிற செலவு ஒரு பென்னியில் 36இல் ஒரு பங்குதான் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். செலவு முழுக்க எடுப்பதிலும், பிரிப்பதிலும், கொடுப்பதிலும் இருக்கிறது, வண்டி ஓடுவதில் இல்லை என்பதுதான் அவருடைய வாதம். 1840இல் நாடு முழுக்க ஒரே கட்டணம் வந்தது. பிறகு உலகமே அந்த வழிக்கு வந்தது. இன்றைக்கும் எங்கள் தபால் திணைக்களம் உள்நாட்டுப் பொதிக்கு நிறையைப் பார்த்துத்தான் காசு எடுக்கிறது, ஊரைப் பார்த்து இல்லை. கொழும்பில் இருந்து நீர்கொழும்புக்கும் அதே காசு, குச்சவெளிக்கும் அதே காசு.

பார்சல் கடிதமில்லை, லொறியில் இடம் பிடிக்கும், டீசல் குடிக்கும், சரி. வெருகல் பக்கம் ஒரு வீட்டைத் தேடிப் போகிற பெடியனின் அலைச்சலும், வெள்ளவத்தையில் ஒரே மாடிக்கட்டடத்தில் பத்துப் பார்சல் கொடுக்கிற பெடியனின் அலைச்சலும் ஒன்றில்லை. அந்த வித்தியாசத்தை மறுக்கவில்லை. 2022இல் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாவுக்குப் போனதும், அதே வருசம் ஓகஸ்ட்டில் சாதாரண கடிதக் கட்டணம் 15 ரூபாவில் இருந்து 50 ரூபாவுக்கு ஏறியதும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த நேரம் டெலிவரிக் காசைக் கூட்டினவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் 2023 மார்ச்சில் பெற்றோல் 340க்கு இறங்கினபோது டெலிவரிக் காசை இறக்கின எத்தனை பேஜ் உங்களுக்குத் தெரியும்?

எங்கள் ஊரின் பகிடி என்னவென்றால், உலகத்தின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று எங்கள் வாசலில் கிடக்கிறது. ஆனால் இங்கே வருவது கோதுமை, சீமெந்துச் சாமான், எண்ணெய். கொள்கலன்கள் கொழும்புத் துறைமுகத்துக்குத்தான். அங்கே இறங்கி, லொறியேறி, குருநாகல், தம்புள்ளை, ஹபரணை தாண்டி எங்களிடம் வருகிறது போன் கவர். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும்வரை அந்தப் பக்கத்துச் சனத்துக்குப் படகுப் பாதைதான். பாலம் வந்து இத்தனை வருசமாகியும் "உங்கட பக்கம் தூரம்" என்ற மனக்கணக்கு மட்டும் மாறவில்லை.

இது எங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. ஸ்கொட்லாந்தின் மலைநாட்டிலும் தீவுகளிலும் இருக்கிற சனம் வருசக்கணக்காக இதே சண்டை பிடிக்கிறது. 'பிரித்தானியா முழுவதும் இலவச டெலிவரி' என்று போட்டுவிட்டு, அஞ்சல் குறியீட்டைக் கண்டதும் மேலதிகக் காசு கேட்பது அங்கே வழமை. அந்த நாட்டின் விளம்பரத் தர ஆணையம் அப்படியான விளம்பரங்களைத் தவறாக வழிநடத்துபவை என்று சொல்லி எச்சரித்தது. எங்கள் 'ஐலண்ட்வைட்' விளம்பரங்களையும் அந்தக் கண்ணால் ஒருதரம் பாருங்கள்.

டெலிவரிக்குள் லாபத்தை ஒளிப்பதும் பழைய வித்தைதான். ஈபேயில் ஒரு காலத்தில் பொருளைச் சில சதத்துக்குப் போட்டுவிட்டு, அனுப்புகிற காசைப் பல டொலராக எடுப்பார்கள். ஈபே தன் தரகுக் காசைப் பொருளின் விலையில் மட்டும் எடுத்தபடியால், விற்பவருக்கு இரண்டு லாபம்: தேடுகிறபோது மலிவாகத் தெரியும், தரகும் குறையும். 2011இல் அமெரிக்காவில் ஈபே அனுப்பும் காசுக்கும் தரகு எடுக்கத் தொடங்கியது. அதோடு அந்த ஒளிப்பிடத்தில் லாபம் குறைந்துபோனது. நான் அக்காவுக்குச் சொன்ன புத்தி இந்த வித்தையின் மூதூர்ப் பதிப்பு, அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில் 2020இல் வந்த மின்வணிக விதிகள், மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்ட வேண்டும், அதற்குள் டெலிவரி, தபால், கையாளல் கட்டணம் எவ்வளவென்று பிரித்தும் காட்ட வேண்டும் என்கின்றன. 2023இல் அவர்கள் வெளியிட்ட வழிகாட்டல், நுகர்வோரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியல் போட்டது. முதலில் குறைந்த விலையைக் காட்டிவிட்டுப் பிறகு சொட்டுச் சொட்டாகக் கூட்டுவது அதில் ஒன்று. எங்கள் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. பேஸ்புக் பேஜ்களின் காலத்துக்கு முந்திய சட்டம்தான். ஆனாலும் வியாபாரி பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் விதத்தில் நடக்கக் கூடாது என்று அதன் 30ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு முறைப்பாடு சொல்லலாம். 650 ரூபாவுக்கு யார் முறைப்பாடு செய்வது என்று நாங்கள் விட்டுவிடுகிறோம். அந்த மனநிலையை நம்பித்தான் அந்த 650 நிற்கிறது.

இப்போது வாங்குகிற எங்களுக்கும் ஒரு வார்த்தை. பார்சல் வாசலுக்கு வந்த பிறகு "இப்ப காசில்ல, வேணாம்" என்று திருப்பி அனுப்புகிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. கையில் காசு கொடுத்து வாங்குகிற முறையில் அந்தப் பார்சல் போன செலவும் வந்த செலவும் பல நேரம் விற்பவரின் தலையில்தான். அக்காவின் மூன்று கூடைகள் ஒரே மாதத்தில் அப்படித் திரும்பி வந்தன, ஒன்று நசிந்து. அந்த நட்டத்தை அவ எங்கே ஏற்றுவா? அடுத்து வாங்குகிற நேர்மையான ஆளின் டெலிவரிக் காசில்தான். நாங்கள் கட்டுகிற அநியாயக் காசில் ஒரு பங்கு எங்கள் ஆட்களே உண்டாக்கினது.

அக்காவின் பேஜில் இப்போது நாங்கள் செய்கிறது இதுதான். கூடையின் படத்துக்குக் கீழேயே மூன்று வரி: கூடை இவ்வளவு, பெட்டியும் பக்கிங்கும் இவ்வளவு, கூரியர் அல்லது தபால் இவ்வளவு, மொத்தம் இவ்வளவு. இன்பொக்ஸ் வரச் சொல்வதில்லை. இரண்டு பொருள் வாங்கினால் இரண்டு டெலிவரி எடுப்பதில்லை, ஒரே பெட்டியில் போனால் ஒரே காசு. அவசரமில்லாத ஆளுக்குத் தபாலில் போடவா என்று கேட்கிறோம். எங்கள் பிழையால் பொருள் திரும்பி வந்தால் டெலிவரிக் காசையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிறோம். கூடையின் விலையை 200 ரூபா கூட்டினோம், ஏனென்றால் அவவின் கைவேலைக்கு அந்த விலை உண்மையில் உண்டு.

உண்மையைச் சொன்னால், விலை கூடினதும் முதல் இரண்டு மாதம் ஓடர் குறைந்தது. நான் பயந்தேன், அக்கா பயப்படவில்லை. பிறகு மெல்ல மெல்லப் பழைய ஆட்களே திரும்பி வரத் தொடங்கினார்கள். அந்த மட்டக்களப்புப் பிள்ளை தன் கம்பஸ் சிநேகிதிகளுக்கென்று நாலு குடுவை எடுத்தாள். ஒரே பெட்டி, ஒரே டெலிவரிக் காசு.

விளக்கு விற்றவருக்கும் ஒரு மெசேஜ் போட்டேன்: "அண்ணா, 320 கிராம் பொருளுக்கு 650 ரூபா எப்படி வந்தது எண்டு சொல்லுங்கோ." பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது. பதில் இன்னும் வரவில்லை. நீங்களும் அடுத்த ஓடருக்கு முதல் இதே கேள்வியைக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதில் எழுதத்தான் வேணும்.