எந்த வகுப்பில் சேருவது?

தனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிற ஆளைப் பார்ப்பது அபூர்வம். லைசென்ஸ் வாங்கி ஆறு மாதம்கூட ஆகாதவர், முன்னால் போகிறவனுக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று திட்டுவார். சாலையில் இந்த நினைப்புக்கு அவ்வளவு சீக்கிரம் அடி விழுவதில்லை (விழுந்தால் பெரிதாக விழும் என்பது வேறு விஷயம்). ஆனால் அமெரிக்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காலியாகக் கிடக்கும் வாகன நிறுத்துமிடத்தில் நடக்கும் ஆட்டோகிராஸுக்குப் போனால் ஐம்பதே வினாடியில் அது உடைந்துவிடும்.

ஆட்டோகிராஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். பரந்த தார்த் தரையிலோ பழைய விமான ஓடுதளத்திலோ ஆரஞ்சு நிறக் கோன்களை வைத்து வளைந்து நெளிந்து போகும் பாதை ஒன்றை உண்டாக்குவார்கள். கார்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஓடுவதில்லை. ஒவ்வொருவருக்கும் போட்டி கடிகாரத்தோடுதான். 1944-ல் தொடங்கிய எஸ்.சி.சி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் கார் கிளப் இதை 'சோலோ' என்கிறது. அவர்கள் விதிப்படி ஒரு கோனைத் தட்டிவிட்டால் 2 வினாடி அபராதம். பாதை தவறினால் அந்த ஓட்டமே கணக்கில் இல்லை. வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த சாதாரணக் காரிலேயே கலந்துகொள்ளலாம். வேகமும் நெடுஞ்சாலையில் போகிற வேகத்தைத் தாண்டாது. (இந்தியாவில் இதே பெயரில் பெரும்பாலும் மண் தரையில் நடப்பது வேறு வகை.)

இதற்குப் பள்ளிக்கூடமும் உண்டு. உள்ளூர் கிளப்புகள் புதியவர்களுக்கென்று ஒரு நாள் நடத்துகின்றன. அதற்கு மேல், ஊர் ஊராகப் போய் நடத்தும் தனியார் பள்ளிகள். எவல்யூஷன் என்ற பள்ளி முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று பிரித்து வைத்திருப்பது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். எஸ்.சி.சி.ஏ.வும் 'ஸ்டார்ட்டிங் லைன்' என்ற பெயரில் அரிச்சுவடிப் பள்ளி ஒன்றைக் கொண்டுவந்தது. இப்படி ஏணி இருக்கிறது. எந்தப் படியில் கால் வைப்பது என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் தவறு செய்கிறார்கள். அந்தத் தவறும் ஒரே திசையில்தான்: தகுதிக்கு ஒரு படி மேலே.

ஒரு மாணவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகுதிநேர வேலையில் சேர்த்த காசில் பழைய மியாட்டா ஒன்று வாங்கியிருக்கிறார். ஒரு சீசன் முழுக்க ஓட்டிவிட்டார், புதியவர்கள் பிரிவில் மூன்றாவது இடம்கூட வந்தாயிற்று. இனி 'ஆரம்ப வகுப்பு' என்ற பெயரைப் பார்த்தாலே அவருக்குக் கௌரவக் குறைச்சல். அதனால் சில நூறு டாலர் கட்டி மேல் வகுப்பில் இடம் பிடிக்கிறார். அந்தப் பணம் அவருக்கு ஒரு மாத மளிகைச் செலவு. தவறான வகுப்பில் போட்டால் திரும்பி வராது, அடுத்த வாய்ப்புக்கு இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும்.

'ஒரு சீசன் ஓட்டியாயிற்று' என்ற வாதத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு போட்டி நாளில் ஐந்து ஓட்டம் கிடைத்தால் நல்ல நாள். ஓர் ஓட்டம் 50 வினாடி. ஐந்துக்கும் சேர்த்து 4 நிமிடம் 10 வினாடி. சீசனில் பத்துப் போட்டி என்றால் மொத்தம் 41 நிமிடம் 40 வினாடி. கல்லூரியில் ஒரு பீரியட் இதைவிட நீளம்! அந்த ஒரு பீரியட் அனுபவத்தை வைத்துக்கொண்டுதான் 'எனக்கு அடிப்படை தெரியும்' என்கிறார்கள். அதுவும் பக்கத்தில் யாரும் உட்கார்ந்து திருத்தாத அனுபவம். தவறாகப் பிடித்த ஸ்டியரிங்கை ஐம்பது தடவை தவறாகவே பிடித்தால், அது தவறு என்ற உணர்வே போய்விடும்.

மேல் வகுப்பில் அப்படி என்ன வித்தியாசம்? அங்கே பாதையைத் துண்டு துண்டாகப் பார்ப்பதில்லை. இந்த வளைவில் கொஞ்சம் நேரம் இழந்தால் அடுத்த மூன்று திருப்பத்தில் லாபமா, எந்தக் கோனை விட்டுக்கொடுக்கலாம், எதை உரசிக்கொண்டு போக வேண்டும், கடைசித் திருப்பத்திலிருந்து பின்னோக்கி எப்படிக் கணக்குப் போடுவது என்று பேச்சு போகும். எல்லாம் மூளைக்கு வேலை. அந்த வேலைக்கு மூளையில் இடம் காலியாக இருக்க வேண்டுமே! அடுத்த கோன் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிற தலைக்குள் இதெல்லாம் ஏறாது. பயிற்சியாளர் பக்கத்து சீட்டிலிருந்து சொல்வார், மாணவரும் தலையாட்டுவார். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது 'அருமையான வகுப்பு' என்ற நினைப்பு மட்டும் மிச்சம்.

கண் எங்கே இருக்க வேண்டும் என்ற ஒரே பாடத்தை எடுத்துக்கொண்டாலே போதும். ஸ்லாலம் என்று வரிசையாகக் கோன் வைத்து, இடம் வலமாக மாறி மாறிப் போகச் சொல்வார்கள். கோன்களுக்கு நடுவே 60 அடி இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 40 மைல் வேகத்தில் கார் ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 59 அடி போய்விடும். அதாவது வினாடிக்கு ஒரு கோன். முன்னால் இருக்கிற கோனையே பார்த்துக்கொண்டிருப்பவர், அதைப் பார்த்து, முடிவெடுத்து, கையைத் திருப்பி, கார் சாய்ந்து திரும்புவதற்குள் அடுத்த கோன் வந்து நிற்கும். ஒவ்வொரு கோனிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதம் சேர்ந்து, நாலாவது ஐந்தாவது கோனில் பிரேக் மிதித்தாக வேண்டும், இல்லையென்றால் கோன் பறக்கும். கோனைத் தாண்டுகிறபோதே அடுத்த திருப்பத்துக்கான கையசைவு ஆரம்பித்திருக்க வேண்டும், கண்ணோ அதற்கும் அடுத்ததில் இருக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. பயம் வரும்போது கண் தானாகக் கீழே இறங்கி பானெட்டுக்கு முன்னால் வந்து நிற்கும், அதைத்தான் மாற்ற முடிவதில்லை. ஒரு நாள் முழுக்க யாராவது பக்கத்தில் உட்கார்ந்து 'மேலே பாருங்கள், மேலே பாருங்கள்' என்று கத்தினால்தான் கொஞ்சமாவது மாறும். அந்தக் கத்தலுக்குத்தான் ஆரம்ப வகுப்பு என்று பெயர். பல வருடம் ஓட்டியவர்கள்கூட அங்கே போய் உட்கார்வது இதற்காகத்தான்.

அப்படியானால் மேல் வகுப்புக்கு யார்தான் போவது? கோப்பையை வைத்தோ வருடக் கணக்கை வைத்தோ முடிவு செய்யக்கூடாது. காரின் குதிரைசக்தியை வைத்து முடிவு செய்கிறவர்களும் உண்டு, அவர்களைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடலாம். உருப்படியான சோதனைகள் இரண்டு. ஓட்டம் முடிந்து வந்து நின்றதும், நேரத்தைப் பார்க்காமலே, எந்த இடத்தில் என்ன தப்பு நடந்தது என்று சொல்ல முடிகிறதா? 'எல்லாம் வேகமாகப் போய்விட்டது' என்பதுதான் பதில் என்றால் ஆரம்ப வகுப்பு. அடுத்தது, அன்றைய கடைசி மூன்று ஓட்டங்களின் நேரத்தை வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டும். ஒன்றரை வினாடி அங்கும் இங்கும் அலைந்தால் கை இன்னும் பழகவில்லை என்று அர்த்தம். மூன்றும் இரண்டு மூன்று பத்திலொரு வினாடிக்குள் ஒட்டிக்கொண்டு நின்று, அதே மாதிரிக் காரில் வந்தவர் மட்டும் இரண்டு வினாடி முன்னால் போகிறார் என்றால், அது வேறு நோய். ஒரே தப்பை அழகாக, மாறாமல் செய்கிறார். அவருக்குத்தான் மேல் வகுப்பு வேண்டும்.

எதிர்ப்பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள். வருடா வருடம் அதே ஆரம்ப வகுப்பில் சேர்ந்து, எல்லோரையும்விட வேகமாக ஓட்டி, கைதட்டல் வாங்கிக்கொண்டு போகிறவர்கள். எண்ணிக்கையில் குறைவு. அவர்களால் நஷ்டம் அவர்கள் பர்சுக்கு மட்டுமே.

பள்ளிக்கூடமே வேண்டாம், அந்தக் காசுக்கு நல்ல டயர் வாங்கலாம் என்பது இன்னொரு கட்சி. எஸ்.சி.சி.ஏ.யின் தெருக் கார் பிரிவுகளில் 200 அல்லது அதற்கு மேல் தேய்மான எண் உள்ள டயர்தான் போட முடியும். அந்த 200-லேயே பிசின் மாதிரி ஒட்டுகிற டயர்கள் வருகின்றன, ஒரு செட்டின் விலை வகுப்புக் கட்டணத்தைச் சாப்பிட்டுவிடும். போட்ட அன்றே நேரம் குறையும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சாதாரண டயர் தவறு செய்ததும் கீச்சென்று கத்திக் காட்டிக் கொடுக்கும், கார் முன்னோக்கிச் சறுக்கும். ஒட்டுகிற டயர் ரொம்ப தூரம் வரை மௌனமாகப் பொறுத்துக்கொள்ளும். பழகுகிறவருக்கு எது நல்ல வாத்தியார்?

இதில் இன்னொரு குழப்பமும் நடக்கிறது. பந்தயமெல்லாம் வேண்டாம், மழையில் கார் வழுக்கினால் சமாளிக்கத் தெரிந்தால் போதும் என்கிறவர்களும் ஆட்டோகிராஸ் பள்ளிக்கு வந்துவிடுகிறார்கள். அவர்களுக்கென்றே 'ஸ்ட்ரீட் சர்வைவல்' என்ற பயிற்சி 2002-ல் தொடங்கியது. ஈரத் தரையில் வழுக்கல், திடீர் பிரேக், தடம் மாறுதல் எல்லாம் சொந்தக் காரிலேயே பழக்குகிறார்கள். ஆனால் அது 15 முதல் 21 வயது வரையிலானவர்களுக்கு. மேற்படிப்புக்கு வந்து இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதில் முதல் கார் வாங்குகிறவருக்கு அங்கே இடமில்லை. அவருக்கும் உள்ளூர் கிளப்பின் புதியவர் நாளே கதி, அது மோசமான கதியும் இல்லை.

கடைசியாக, காசே இல்லாதவர்களுக்கு ஒரு வழி. 2009-ல் டொபீகாவிலிருந்து நெப்ராஸ்காவின் லிங்கனுக்கு மாறிய சோலோ தேசியப் போட்டியானாலும் சரி, உள்ளூர்ப் போட்டியானாலும் சரி, ஓட்டுகிறவர்களே முறைவைத்துக் களத்தில் வேலையும் செய்ய வேண்டும். வெயிலில் நின்று, விழுந்த கோனை ஓடிப்போய் நிமிர்த்தி வைக்கும் வேலை. பெரும்பாலோர் அந்த நேரத்தைக் கைபேசியிலும் அரட்டையிலும் கழிக்கிறார்கள். ஒரே மூலையில் நின்றுகொண்டு முப்பது நாற்பது கார் அதே வளைவை எப்படி எடுக்கிறது, எந்தக் காரின் பிரேக் விளக்கு எங்கே எரிகிறது, எங்கே அணைகிறது என்று பார்க்கக் கிடைக்கும் இடம் அது. வேகமான ஆளின் விளக்கு மற்றவர்களைவிட முன்னாலேயே எரிந்து, முன்னாலேயே அணைந்துவிடும்.